நாலு குளிசை, ஐந்து வேளை

அன்று எங்கள் விறாந்தையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி. கையில் ஓலை விசிறி. விசிறியது தனக்கு.

அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். எந்த வருத்தத்தைச் சொன்னாலும் அதே வருத்தத்தில் செத்த ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்கும்.

மில்லுக்கார அக்கா. எங்கள் ஒழுங்கை முடிவில் மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில் வைத்திருப்பவர். அக்கி வந்தவர்களுக்குக் காவி பூசுவதும் அவர்தான்.

பக்கத்து வீட்டு நாய். அதை ஒருவரும் கூப்பிடவில்லை. மச்சானையும் ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியாக நான். மர வாங்கில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். சாரத்தை ஒரு பக்கம் விலக்கிப் பிடித்திருந்தேன். எல்லோரும் என் தொடையோடு கதைத்தார்கள். என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

நாங்கள் இருப்பது துணுக்காய்ப் பக்கம். அது புரட்டாதிக் கடைசி. முதல் மழை விழ முன்னம் காலபோக நெல் விதைக்க நிலம் உழுகிற நாட்கள். என்னிடம் ஒரு பழைய உழவு மெசின். சொந்த வயல் மூன்று ஏக்கர். கேட்பவர்களுக்கும் உழுது கொடுப்பேன். அந்த முறை என்னைக் கேட்டுப் பதினொரு பேர் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இடுப்புக்குப் பின்னால், வலப்பக்க நாரியில், நெருப்புத் தணல் வைத்த மாதிரி ஒரு எரிவு. மெசின் இருக்கையில்தான் பிழை என்று நினைத்தேன். இருக்கைக்கு மேல் சாக்கை மடித்துப் போட்டேன். திங்களும் எரிந்தது. மச்சான் வந்து எண்ணெய் போட்டு உருவினார். எரிவு வலப்பக்கம். அவருக்கு உருவ வசதி இடப்பக்கம். அதனால் இடப்பக்கம் நன்றாக இருந்தது.

செவ்வாய் காலையில் கொப்புளம் கண்டது. நாரியில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி வந்து, தொடையின் முன்பக்கத்தால் முழங்கால் வரைக்கும். வலப்பக்கம் மட்டும். யாரோ கோடு கீறிவிட்டு அதன் வழியாக நட்ட மாதிரி.

மில்லுக்கார அக்கா குனிந்து பார்த்தார்.

"அக்கிதான். தலை நாரியில. வால் முழங்காலில."

தலையும் வாலும் சந்தித்தால் ஆள் தப்பாது என்று மனைவி சொன்னாள். எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அக்கி இடுப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

"நாரியும் முழங்காலும் எப்பிடிச் சந்திக்கும்?" என்று கேட்டேன்.

எல்லோரும் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்கள். நாய்கூட என்னைப் பார்த்தது.

"வருத்தக்காரன் கன கதை கதைக்கக்கூடாது மச்சான்" என்றார் மச்சான்.

அக்கா காவிக்கல்லை உரைத்தார். கோழி இறகால் தொட்டு, கொப்புளம் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வேலி கீறினார். பிறகு வேலிக்கு உள்ளேயும் பூசினார். வேலியைத் தாண்டி அக்கி போகாதாம். மூன்று நாள் பூச வேண்டும். தண்ணீர் படக்கூடாது. மீன் ஆகாது. முக்கியமான விசயம், இங்கிலீசு மருந்து போடக்கூடாது. காவியும் இங்கிலீசு மருந்தும் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்குமாம். காசு வாங்கமாட்டார். வெற்றிலை மட்டும்.

பழியை அக்காவில் போட நான் இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரி பஸ்ஸில் கால் மணித்தியாலத் தூரம். போயிருக்கலாம். ஆஸ்பத்திரி என்றால் அரை நாள் போகும். காவி என்றால் விடியற்காலையில் பத்து நிமிசம். பதினொரு பேர் நிற்கிறார்கள். எனக்குக் காவி சரியாகப் பட்டது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காவியோடு உழுதேன். சாரத்தில் சிவப்பு ஊறியதைப் பார்த்து ஒருவர், மாடு வெட்டிவிட்டு வந்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். விளக்கம் சொல்ல நேரமில்லை.

வெள்ளி விடிய, வேலிக்கு வெளியே நாலு புதுக் கொப்புளம். எங்கள் ஊரைச் சுற்றி யானைக்கு மின்சார வேலி போட்டிருக்கிறார்கள். யானையும் இப்படித்தான் செய்யும். எரிவு தாங்க முடியவில்லை. சாரம் தொட்டாலே உயிர் போனது. மனைவியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் பிள்ளை எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்திருக்கும். என் தொடையைப் பார்த்துவிட்டுத் தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டார். முதலில் கழுவுங்கோ, எனக்கு ஒண்டும் தெரியேல்லை என்றார். மிஸ்ஸி உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்செல்லாம் சிவந்தது. காவிக்குக் கீழே அக்கி ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்திருந்தது. வேலி போட்டுப் பராமரித்த பயிர் அல்லவா.

"எப்ப வந்தது ஐயா?"

"செவ்வாய்."

"காலமையா, பின்னேரமா?"

"காலமை."

டொக்டர் விரலை மடக்கி மணித்தியாலம் எண்ணினார். ஏசவில்லை. மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன், அந்த மூன்று நாளையும் நீங்கள் காவிக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். ஆனால் புதுக் கொப்புளம் இன்னும் வருவதால் இப்போது தொடங்கினாலும் பிரயோசனம் இருக்குமாம்.

சின்ன வயதில் கொப்புளிப்பான் அம்மை வந்ததா என்று கேட்டார். வந்தது. ஏழு வயதில்.

"அந்தக் கிருமி போகேல்லை ஐயா. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, நரம்பின்ர வேருக்குள்ள படுத்துக் கிடக்கும். உடம்பு களைச்ச நேரமாப் பார்த்து அந்த நரம்பு வழியால வெளிய வரும். அதுதான் ஒரு பக்கம் மட்டும். அதுதான் கோடு போட்ட மாதிரி."

எனக்கு ஐம்பத்தாறு வயது. கணக்குப் பார்த்தால் நாற்பத்தொன்பது வருசம் அது என்னோடு இருந்திருக்கிறது. சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் வந்திருக்கிறது. கிளிநொச்சிக்கு வந்தது. உடையார்கட்டுக்கு வந்தது. முகாமுக்கு வந்தது. ஒரு பதிவிலும் பெயர் இல்லை. நிவாரணம் கேட்கவில்லை. ஒரு மூட்டை தூக்கித் தரவும் இல்லை. மீள்குடியேற்றத்திலும் எங்களோடு வந்து இறங்கி, பேசாமல் படுத்திருக்கிறது. இப்போது நான் உழவில் நிற்கிற நேரம் பார்த்து எழும்பியிருக்கிறது.

சிறுநீரகம் எப்படி என்று கேட்டு இரத்தம் எடுத்தார்கள். எங்கள் பக்கம் சிறுநீரகம் பழுதானவர்கள் அதிகம். அது நன்றாக இருந்தது. பிறகு டொக்டர் மருந்தைப் பற்றிச் சொன்னார். இந்த மருந்து கிருமியைக் கொல்லாது. பெருகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். இடையில் விட்டால் பிடி விட்டுவிடும்.

"காய்ஞ்சிட்டுது எண்டு நிப்பாட்டக்கூடாது. ஏழு நாளும் முழுக்க. இது காலுக்குப் போற நரம்பு ஐயா. எரிவு மட்டும் எண்டு நினையாதேங்கோ. கால் பெலன் குறையவும் கூடும். தண்ணி நல்லாக் குடியுங்கோ."

கிணற்றுத் தண்ணீரைக் கண்டபடி குடியாதேங்கோ என்று போன மாதம்தான் ஒரு அதிகாரி கூட்டம் வைத்துச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் ஓம் என்றேன்.

மனைவி என்னைவிட நன்றாகத் தலையாட்டினாள்.

மருந்து கொடுக்கிற யன்னலில் பெயரை வாசித்துக் காட்டினார்கள். அசைக்ளோவிர். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. பெரிய குளிசை முடிந்துவிட்டது, சின்னதுதான் இருக்கிறது, ஒரு வேளைக்கு நாலாகப் போட வேண்டும் என்றார்கள். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, பின்னேரம் ஆறு, பிறகு படுக்க முன் பத்து. ஐந்து வேளை. ஏழு நாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். வாய்ப்பாடு என்னை விடவில்லை. நூற்றி நாற்பது.

பஸ் நிலையத்தில் மனைவி பையைத் திறந்து எண்ணினாள். மூடினாள். திரும்பத் திறந்து எண்ணினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டது குறைவு. கலியாணத்தன்று கண்டேனா என்று சரியாக ஞாபகமில்லை.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அலுமாரியில், உடுப்புக்குப் பின்னால், ஒரு பால்மா ரின் இருக்கிறது. அதற்குள் குளிசை. காய்ச்சல் குளிசை, வயிற்றுக் குளிசை, என்னவென்று தெரியாத மஞ்சள் குளிசை. எந்த மருந்து வாங்கினாலும் அதில் ஒரு பங்கு அந்த ரின்னுக்குப் போகும். சிலது காலம் முடிந்து தூளாகியிருக்கும். எறிய விடமாட்டாள்.

உடையார்கட்டில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது மகளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். எட்டு வயது. மருந்து எங்கும் இல்லை. ஒருவரிடம் இருந்தது. மனைவி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் ஆறு குளிசை கொடுத்தார். மகள் பிழைத்தாள். இப்போது வவுனியாவில் கலியாணம் கட்டி இருக்கிறாள். மனைவி பிறகு தோடு வாங்கவே இல்லை. குளிசை சேர்த்தாள். கேட்டால், திரும்ப ஓடுகிற நேரம் வந்தால் என்ன செய்வது என்பாள். எங்கே ஓடுவது என்று நான் கேட்டதில்லை. ஓடின ஒருத்தியிடம் அப்படிக் கேட்கக்கூடாது.

இந்த நூற்றி நாற்பதை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று இப்போது விளங்குகிறது. அப்போதும் விளங்கியிருக்க வேண்டும்.

வெள்ளி மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கினேன். முதல் பத்து வேளையும் ஒழுங்காக நடந்தது. நான் உழுகிற வயலுக்கே குளிசையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வருவாள். நான் மெசினை நிறுத்தி நாலு குளிசை விழுங்குவேன். வரம்பில் நின்றவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"முருகனுக்கு ஆறுகாலப் பூசை. அண்ணைக்கு அஞ்சு காலம்" என்றார் ஒருவர்.

"ஒரு காலம் குறையுது. அதுதான் வரம் குடுக்க ஏலாமல் இருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் புதுக் கொப்புளம் வரவில்லை. பழையது வாடத் தொடங்கியது. எரிவும் பாதியாகக் குறைந்தது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, காவி இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றார். நாலு குளிசை ஒன்றாக மாட்டுக்குக்கூடக் கொடுக்கமாட்டார்கள், ஈரல் கருகிவிடும் என்றும் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செத்திருக்கிறார்.

அன்று மத்தியானம் மனைவி கையை நீட்டினாள். உள்ளங்கையில் இரண்டு குளிசை. நான் கையைப் பார்த்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள்.

"காய்ஞ்சிட்டுதுதானே" என்றாள்.

விழுங்கினேன்.

அன்றிலிருந்து மூன்று நாள், சாப்பாட்டோடு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு. ஐந்து வேளை மூன்றாகியது. நாலு இரண்டாகியது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் கேட்கவில்லை. எண்ணத் தெரியாதவன் இல்லை நான். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மெசினை நிறுத்தத் தேவையில்லாமல் போனது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் நாலு பேரின் வயல் கிடந்தது. அவளுக்கு ரின். எனக்கு வயல். இருவருக்கும் நல்ல இலாபம்.

இரண்டு கிழமையில் பொருக்கு உதிர்ந்து தொடையில் தழும்பு மட்டும் நின்றது. எரிவு இடைக்கிடை மின்னும். நான் கணக்கில் எடுக்கவில்லை. சாரம் கட்டும்போது வலது முழங்கால் ஒருமுறை மடிந்தது. வாசல்படியில் ஒருமுறை கால் விரல் இடித்தது. படி உயர்ந்துவிட்டது என்று நினைத்தேனோ என்னவோ. மனிதன் தன் காலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்படுவான்.

பத்தாவது ஆளின் வயல். ஓடுகிற மெசினில் பிறேக் வலது காலுக்கு. வரம்பு மூலையில் திருப்பும்போது அதை ஊன்றி மிதிக்க வேண்டும். முப்பது வருசமாக மிதித்த பிறேக். அன்று மூலைக்கு வந்தேன். மிதி என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. வலிக்கவும் இல்லை. அது என்னுடைய கால் இல்லாத மாதிரிப் பேசாமல் கிடந்தது. மெசின் வரம்பை ஏறிக் கடந்து வாய்க்காலுக்குள் முன்சில்லை வைத்துவிட்டு நின்றது.

வயல்காரர் வந்து உடைந்த வரம்பைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் உழத்தானே சொன்னனான் அண்ணை. வாய்க்கால் வெட்டச் சொல்லேல்லையே."

"இது இனாம்" என்றேன்.

இறங்க முடியவில்லை. இரண்டு கையாலும் வலது தொடையைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தேன். அதைப் பார்த்தபிறகு ஒருவரும் பகிடி விடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

வவுனியாவுக்கு அனுப்பினார்கள். நரம்பில் ஊசி குத்தி, கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். கிருமி நரம்பின் வேரைத் தின்றிருக்கிறது. தோலுக்குப் போகிற பக்கத்தை மட்டும் இல்லை, தசைக்குப் போகிற பக்கத்தையும். பெலன் திரும்பி வரலாம். வராமலும் விடலாம். ஒரு வருசத்துக்குள் வந்தது வந்தது. பிறகு வருவது கடினம். இவ்வளவையும் சொல்லி, அப்பியாசம் செய்யச் சொல்லி, எங்கள் ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதே டொக்டர் பிள்ளை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மருந்து ஏழு நாளும் முழுக்கப் போட்டனீங்களா ஐயா?"

நான் வாய் திறக்க முன்னம் மனைவி சொன்னாள்.

"ஓம் டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தாள். அவள் செருப்பின் வார் ஒரு பக்கம் அறுந்திருந்தது.

"ஓம்" என்றேன்.

டொக்டர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடினார்.

"முழுக்கப் போட்டும் சிலபேருக்கு இப்பிடி வாறதுதான். உங்களில ஒரு பிழையும் இல்லை. அம்மா, நீங்களும் கவலைப்படாதேங்கோ."

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

வீடு வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. வீட்டிலும் கதைக்கவில்லை. எங்களுக்கு முப்பது வருசப் பழக்கம். அன்று கதைக்காததுக்கும் மற்ற நாள் கதைக்காததுக்கும் வித்தியாசம் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

அப்பியாசம் இதுதான். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, வலது காலைத் தூக்கிச் சீமெந்துக் கல்லில் வைக்க வேண்டும். முதலில் ஒரு கல். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. பிறகு மூன்று. மெசினின் மிதிபடியை நான் அளந்து பார்த்தேன். சரியாக மூன்று கல் உயரம். அப்படி ஏறினால்தான் பிறேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

மெசினை மச்சான் ஓடினார். எங்கள் பெயரில் மிச்சம் கிடந்த இரண்டு வயலை உழுதார். பார்த்தேன். பன்றி கிண்டினால் கொஞ்சம் நேராக இருந்திருக்கும். பிறகு ஒருநாள் வந்து, மெசின் சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று தொடங்கினார்.

"நீங்கள் ஓடினால் துருப்பிடிக்க நேரமிராது" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தானே வாங்குகிறேன் என்றார். விலையும் சொன்னார். நியாயமான விலைதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த காலபோகத்துக்கு முதல், ஆவணி பிறக்கும்வரை பார்ப்போம், நான் ஏறினால் மெசின் எனக்கு, ஏறாவிட்டால் உங்களுக்கு என்றேன். சரி மச்சான் என்றார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வந்து என் காலைச் சுகம் விசாரித்தார். என்னைவிட அவருக்கு அந்தக் காலில் அக்கறை.

மார்கழியில் ஒரு கல் ஏறியது. பங்குனிக் கடைசியில் இரண்டு கல். மனைவி காலையும் பின்னேரமும் பக்கத்தில் நிற்பாள். விழுந்தால் பிடிக்க. கல்லை அடுக்குவதும் அவள்தான். இரண்டு கல் ஏறிய அன்று முட்டை பொரித்தாள்.

சித்திரை போனது. வைகாசி, ஆனி, ஆடி போனது. மூன்றாவது கல்லை அடுக்குவாள். நான் தூக்குவேன். பெருவிரல் கல்லின் முகத்தில் முட்டும். நிற்கும். இறக்குவேன். அதே உயரத்தில் நாலு மாதம் முட்டி, அந்தக் கல்லில் ஒரு இடம் மினுங்கத் தொடங்கியது.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் மச்சான் மெசினைக் கொண்டுபோனார். ஒழுங்கையால் போகும்போது ஹோர்ன் அடித்தார். எதற்கென்று தெரியவில்லை. மாடும் நிற்கவில்லை, ஆளும் நிற்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை மில்லுக்கார அக்காவுக்கு அக்கி வந்தது.

முடிவை முதலே சொல்கிறேன். அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏழு நாளும் ஒன்று விடாமல் மருந்து போட்டார். இப்போது மில் ஓடுகிறது. அவர் போகச் சம்மதித்தது எப்படி என்பதுதான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

காலை ஒன்பது மணிபோல வந்தார். முதுகில் தொடங்கி இடப்பக்க விலாவைச் சுற்றி நெஞ்சு வரைக்கும். நேற்றுப் பின்னேரம் கண்டதாம். தன் முதுகைத் தான் பூச முடியாது. மனைவியிடம் காவிக்கல்லையும் கோழி இறகையும் நீட்டினார்.

"கை மட்டும் உன்ரை. சொல்லுறது நான் சொல்லுவன். பூசிவிடு."

மச்சானும் வந்திருந்தார். மெசினைக் கொண்டுபோன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. பழக்கமாகிவிட்டது.

மனைவி கல்லை வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அக்கா, மூன்று நாளுக்குள் போட வேண்டிய மருந்து, இன்றைக்கே போங்கோ என்றாள். அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்டுக் கனகாலம்.

அக்கா என் காலைக் காட்டினார்.

"என்னத்துக்கு? உன்ர மனுசன் நூற்றி நாப்பது குளிசையும் முழுக்கப் போட்டவர். ஊர் முழுக்கத் தெரியும். கால் வந்ததே? அந்தக் குளிசையாலதான் கால் போனதெண்டு உன்ர அண்ணையே சொல்லுறார். காவியோட விட்டிருந்தால் இண்டைக்கு அவர் மெசினில இருப்பார்."

மச்சான் தலையைக் குனிந்து ஆட்டினார். அப்படிச் செத்த ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் அவளும் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து சொன்ன அந்த ஓம், எங்களுக்கு முன்னம் பஸ் ஏறி ஊருக்கு வந்திருக்கிறது. வீடு வீடாகப் போயிருக்கிறது. இனி அக்கி வருகிற எல்லோருக்கும் என் கால்தான் சாட்சி.

ஏதாவது சொல்ல வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கன கதை கதைத்துப் பழக்கமில்லை.

மனைவி உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அது எண்ணெய் காணாத கதவு, தெரு வரைக்கும் கேட்கும். பால்மா ரின்னோடு வந்தாள். மூடியைக் கழற்றி, நான் காவி பூசப் படுத்துக் கிடந்த அதே வாங்கில் கவிழ்த்தாள். மஞ்சள் குளிசை, தூளானது, வயிற்றுக் குளிசை எல்லாம் உருண்டன. கடைசியாக ஆஸ்பத்திரிக் கடுதாசிப் பை விழுந்தது. அதில் அசைக்ளோவிர் என்று எழுதியிருந்தது. அவள் அதைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அவர் முழுக்கப் போடேல்லை அக்கா. நான் குடுக்கேல்லை. டொக்டருக்குப் பொய் சொன்னனான்."

பிறகு மச்சானைப் பார்த்தாள். "அண்ணை, நீங்களும் கேளுங்கோ."

அக்கா கையில் கோழி இறகு அப்படியே இருந்தது.

"நானும் கேட்கேல்லை" என்றேன். "எனக்குத் தெரியும். மெசினை நிப்பாட்டத் தேவையில்லை எண்டு வேணுமெண்டே விட்டனான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அதை அறிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்து மாதம் கல் அடுக்கியவள்.

முழுக்கப் போட்டிருந்தால் கால் வந்திருக்குமா? அது டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று நாளைக் காவிக்குக் கொடுத்தது நான். மிச்சத்தை ரின்னுக்குக் கொடுத்ததும் நான்தான், அவள் கையால்.

அக்கா வாங்கின் விளிம்பில் இருந்தார். இருக்கும்போது முதுகு எரிந்து முகம் சுளித்தது. பையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப எவ்வளவு போடாமல் விட்டனி?" என்று என்னைக் கேட்டார்.

பையை அவிழ்த்தேன். வாங்கில் கொட்டினேன். சில குளிசை மங்கியிருந்தது, உடையவில்லை. மனைவி குனிந்து நிலத்தில் விழுந்த ஒன்றை எடுத்து வைத்தாள். வேளைக்கு நாலு என்றபடியால் நாலு நாலாக ஒதுக்கினேன். இருபது ஒதுக்கு வந்தது. இரண்டு தனியாக நின்றது.

எண்பத்திரண்டு.